அரை ஏக்கர் சந்திரா

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் சந்திராவுக்கு 'அரை ஏக்கர்' என்று பெயர். "அரை ஏக்கர் இன்னிக்குக் கோலம் போடலையே", "அரை ஏக்கர் வீட்டுல ஒரே சத்தமா இருந்துச்சே" என்று குழாயடியில் பேசிக்கொள்வோம். அந்தப் பெயர் முதலில் அவள் புருஷன் கொளஞ்சியப்பனுக்கு வைத்தது. நிலக்கரி மைன்ஸில் அவனோடு வேலை செய்கிறவர்கள் 'அரை ஏக்கர் மாப்பிள்ளை' என்று கூப்பிட்டார்கள், அது அப்படியே இவளுக்கும் ஒட்டிக்கொண்டது. அவன் அதைக் கேட்டால் முகம் கறுத்துப்போகும். இவள் கேட்டால் சிரித்துவிடுவாள். சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரியும். அந்தப் பல் எப்படிப் போனது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் டெய்சி, பக்கத்து வீடு. என் சமையலறைக்கும் அவள் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். என் கணவர் ஆரோனுக்கு மைன்ஸ் ஸ்டோர்ஸில் வேலை. நான் எங்கள் பிளாக் மகளிர் மன்றத்தின் செயலாளர். பெரிய பதவிதான்! வருஷத்துக்கு மூன்று விழா, நாலு கூட்டம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டு வரும்போது நடுவில் என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சந்திராவின் அப்பா ராமலிங்கம் தலைமுறை தலைமுறையாகக் கூலி. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்து, அடுத்தவர் கொடுத்த நெல்லைத் தின்று செத்தவர்கள். ராமலிங்கம் பிடிவாதக்காரர். செத்தால் சொந்த மண்ணில் சாக வேண்டும் என்று பதினெட்டு வருஷம் கரும்பு வெட்டினார். மனைவி மாணிக்கம்மாள் முந்திரிக்கொட்டை உடைத்து, அந்தப் பால் பட்டு விரல் பத்தும் வெந்துபோனவள். இரண்டு பேருமாகச் சேர்த்து அரை ஏக்கர் வாங்கினார்கள். மூன்று போகம் அறுத்தார்கள். நாலாவது போகத்துக்கு முன்னால் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிறோம் என்று கல் நட்டுவிட்டார்கள்.

பணம் வந்தது. கூடவே வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். பர்மனென்ட் வேலை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. கான்ட்ராக்டில் இருபது வருஷம் உழைத்துத் தலை நரைத்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பர்மனென்ட் என்றால் சம்பளம், குவார்ட்டர்ஸ், வைத்தியம் எல்லாம் உண்டு. முக்கியமாகப் பெண் கிடைக்கும்.

ராமலிங்கத்துக்கு மகன் இல்லை, இரண்டும் பெண். பெரியவள் சந்திராவுக்கு அப்போது இருபது வயது, ஐடிஐயில் ஃபிட்டர் படித்துத் தேறியிருந்தாள். சின்னவள் தமிழ்நிலாவுக்குப் பத்து வயது.

"யப்பா, வேலைய எம் பேருக்கே எழுதுங்க. நான் ஃபிட்டர் படிச்சிருக்கேன். உங்க ரெண்டு பேரையும் தங்கச்சியையும் நானே பாத்துக்கறேன்" என்று சந்திரா கேட்டாளாம்.

"பொட்டப்புள்ள பேருல எழுதினா, நாளைக்கு கட்டிகினு போறவன் வூட்டுக்குல்ல அது போயிடும்?" என்றாராம் ராமலிங்கம்.

பெண்ணுக்கு எழுதினால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்த மனுஷன், நேராக அடுத்த வீட்டுக்காரனுக்கே எழுதிவைத்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் கொளஞ்சியப்பனைப் பிடித்தார்கள். குள்ளஞ்சாவடியில் ஒரு பத்திரம் எழுதுகிறவரிடம் போய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார்கள். வேலை மாப்பிள்ளைக்கு. மாமனார் மாமியாரை மாப்பிள்ளை காப்பாற்ற வேண்டும், சின்னப் பெண்ணைப் படிக்கவைக்க வேண்டும். பெரிய பெண்ணை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். தாளில் எழுதியதை அவன் ஒன்றுவிடாமல் செய்தான். மாதம் பிறந்தால் மாமனார் வீட்டுக்கு அரிசி போகும். தமிழ்நிலாவை நர்சிங் சேர்த்ததும் அவன்தான். அவன் அப்படி ஒழுங்காக இருந்ததுதான் சந்திராவின் கழுத்துக்குச் சுருக்கானது.

ஏன் அடித்தான் என்று கேட்டால், மைன்ஸில் கிண்டல் செய்தார்கள், அதனால் அடித்தான். "என்னப்பா அரை ஏக்கர், மாமனார் நெலத்துல அறுவடை எப்படி?" என்று நிலக்கரி ஓடும் பெல்ட் பக்கத்தில் எவனாவது கேட்பான். அவன் அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வந்ததும், "உங்கப்பன் பிச்ச போட்ட வேலன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியுறியா?" என்று ஆரம்பிப்பான். குடித்துவிட்டு அடிக்கிறவன் என்றால் ஆரோனாவது அவனைத் திட்டியிருப்பார். இவன் குடிக்கமாட்டான். குளித்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு அடிப்பான்.

அவன் ஷிஃப்ட் எங்களுக்கு மனப்பாடம். முதல் ஷிஃப்ட் வாரம் என்றால் இரண்டரைக்கு வருவான், மூன்று மணிக்குத் தொடங்கும். அந்த வாரங்களில் எதிர்வீட்டுப் பார்வதி தன் பிள்ளைகளை இரண்டே முக்காலுக்கே டியூஷனுக்குத் துரத்திவிடுவாள். மேல்வீட்டில் டிவி சத்தம் ஏறும். நான் மிக்ஸி போடுவேன். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டால் உளுந்தையாவது போட்டு ஓட்டுவேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் பிளாக்கில் காதை மூடுவதற்கு வீட்டுக்கு ஒரு சாமான் இருந்தது.

இரண்டு முறை உண்டானாள், இரண்டு முறையும் கலைந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தது' என்று எழுதியிருந்தது. அப்படி எழுதச் சொன்னது அவளேதான், அவன் பக்கத்தில் நின்றிருந்தான். பிறகு பிள்ளை இல்லாதவள் என்று அதற்கும் அடித்தான்.

ஒன்பது வருஷத்தில் மூன்று முறை அப்பா வீட்டுக்கு ஓடினாள். மூன்று முறையும் ராமலிங்கம் மொபெட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார். ஒருமுறை பலாப்பழ சீசன். முன்னால் ஒரு பெரிய பழம், பின்னால் மகள். பழத்தைப் பார்த்து இறக்கி, துண்டால் துடைத்து, "மாப்பிள்ள, உங்களுக்குன்னு எடுத்தாந்தேன்" என்று உள்ளே கொண்டுபோய் வைத்தார். சந்திரா தானாகவே இறங்கி, உதட்டில் காயத்தோடு எங்களைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவர் திரும்பிப் போகும்போது நான் வாசலில் மடக்கினேன். "ஏங்க, பெத்த பொண்ணை இப்படிக் கொண்டாந்து விடுறீங்களே" என்றேன். அப்போது எனக்கு ரோஷம் இருந்தது, அடுத்தவரிடம் காட்டுகிற அளவுக்கு.

"யம்மா, உங்களுக்கு தெரியாததா? கம்ப்ளெய்ண்ட் குடுத்து நாப்பத்தெட்டு மணி நேரம் உள்ள வச்சா சஸ்பெண்ட். கேஸு நின்னுச்சின்னா டிஸ்மிஸ். வேல போச்சின்னா என்னா போவுது? என் நெலம் போவுது. கையெழுத்து போடத் தெரியாதவன், ஆனா இந்த ரூலு மட்டும் எனக்கு தலகீழா தெரியும்மா. பொண்ணுக்கு அடி இன்னிக்கு வலிக்கும், நாளைக்கு ஆறிடும். நெலம் போனா வருமா?"

மாணிக்கம்மாள் மகளிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். "தங்கச்சி படிப்பு முடியட்டும் கண்ணு. அதுவரைக்கும் பொறுத்துக்க." பெற்ற மனம் பித்து என்று சொல்லிவைத்தவன் யாரோ, அவன் பர்மனென்ட் வேலையைப் பார்த்ததில்லை.

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், சந்திரா கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு வந்தாள். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அக்கா, நான் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போவலாம்னு இருக்கேன். போன தடவ போனப்ப யாராச்சும் பாத்தாங்களா, கேட்டாங்களான்னு கேட்டாங்க. எங்கப்பா சொல்லமாட்டாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்க்கா. பாத்தேன்னு கூட சொல்ல வேணாம். காதுல கேட்டத கேட்டேன்னு சொன்னா போதும். அவனுக்கு வேல போனா போவட்டும். நான் எங்கனா ஒரு ஒர்க்‌ஷாப்புல போயி ஸ்பேனர் புடிச்சி பொழச்சிக்குவேன்."

"பார்க்கலாம் சந்திரா" என்றேன்.

அன்று ஆரோனிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "இன்னும் ஒன்றரை வருஷத்துல ரிட்டயர் ஆகறேன். ஒருத்தன் வேலைய காலி பண்ணின குடும்பம்னு பேரெடுத்துகிட்டுப் போகணுமா? நாளைக்கு எவன் மூஞ்சில முழிக்கிறது?" என்றார். இங்கே எதைச் செய்தாலும் மன்னிப்பு உண்டு, ஒருவன் வேலையில் கைவைத்தால் கிடையாது. மனைவியை அடிப்பவனோடு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவனைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகமாட்டார்கள். எனக்கும் அது தெரியும் என்பதால் நான் ஆரோனோடு சண்டை போடவில்லை.

நவம்பர் இருபத்தைந்து. பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கும் நாள். மன்றத்தில் விழா என்று முடிவானது. பேனர், உறுதிமொழிப் பலகை, சிறப்பு விருந்தினர், வெங்காய போண்டா, பெண்களுக்குத் தனிநடிப்புப் போட்டி. தலைப்பு 'குடும்ப வன்முறை'. ஊருக்கு உபதேசம் செய்வதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை. போட்டிக்கு மூன்று பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். நாலாவதாகச் சந்திரா வந்து, "என் பேரையும் எழுதுங்கக்கா" என்றாள். எனக்கு ஆள் சேர்ந்தது என்று சந்தோஷம். எழுதிக்கொண்டேன். எதற்காகக் கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் அவளுக்கு மைக் கிடைக்க வேறு வழி இல்லை.

மாலை நாலரைக்கு விழா. புருஷர்களையும் வரச்சொல்லியிருந்தோம். உறுதிமொழிப் பலகையில் 'பெண்களை மதிப்பேன், வன்முறை செய்யமாட்டேன்' என்று அச்சடித்திருந்தது, கீழே கையெழுத்து போட வேண்டும். கொளஞ்சியப்பன் நீலச் சட்டையில் வந்து, பேனாவை வாங்கி, முதல் ஆளாகப் பெரிதாகப் போட்டான். போட்டோ எடுத்தோம்.

முதல் மூன்று பேரும் தலையை விரித்துப் போட்டு, ஓவென்று அழுது நடித்தார்கள். பிறகு சந்திரா ஏறினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். அழவில்லை.

"எம் பேரு சந்திரா. நான் இந்த பிளாக்குலதான் இருக்கேன். என் வூட்டுக்காரரு என்னை ஒம்பது வருசமா அடிக்கறாரு. இந்தப் பல்லு அவரு உடைச்சது. இந்தக் கையில இருக்கறது தோசக்கரண்டி காய வச்சி இழுத்தது. ரெண்டு புள்ள வயித்துலயே போச்சி, வழுக்கி வுழுந்து போவல. அதோ மூணாவது வரிசையில, நீலச் சட்ட போட்டுகினு உக்காந்திருக்காரே, அவருதான் என் வூட்டுக்காரரு."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அப்புறம் பின்வரிசையில் எவனோ விசிலடித்தான். சிரிப்பு. கைதட்டல். புருஷனையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டாள் என்று நினைத்தார்கள். கொளஞ்சியப்பன் எழுந்து நின்று, கைகூப்பி, நாலு பக்கமும் கும்பிட்டான். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"நடிக்கலைங்க" என்றாள் சந்திரா. மைக்கில் சத்தம் கிழிந்தது. "நெசமா சொல்றேன். டெய்சி அக்கா என் பக்கத்து வூடு. அவங்களுக்கு எல்லாம் தெரியும். அக்கா, சொல்லுங்கக்கா."

என்னிடம் மைக்கை நீட்டினாள். நான் மேடையில் பக்கத்திலேயே நின்றிருந்தேன், இரண்டடிகூட இல்லை. கீழே முதல் வரிசையில் ஆரோன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. நான் மைக்கை வாங்கினேன்.

"அருமையான நடிப்பு! சந்திராவுக்குப் பலமாக ஒரு கைதட்டல்" என்றேன்.

சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயற்கையான நடிப்பு என்று முதல் பரிசு அவளுக்கே கொடுத்தார். ஒரு ஹாட்பாக்ஸ், ஒரு சான்றிதழ். சான்றிதழில் செயலாளர் என்று என் கையெழுத்து, மேலே ரப்பர் ஸ்டாம்ப். சந்திரா இரண்டையும் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். போண்டா நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவன் அவசரப்படவில்லை. முதல் ஷிஃப்ட் வாரம் வரட்டும் என்று காத்திருந்தான். அடுத்த வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு இடது காதில் அடித்தான், சவ்வு கிழிந்தது. பிறகு மணிக்கட்டை முறுக்கி ஒடித்தான். மறுநாள் சந்திரா கட்டுப் போட்ட கையோடு தனியாக ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். இந்த முறை அப்பா வீட்டுக்குப் போகவில்லை.

இரண்டு பக்கமும் விசாரிக்கக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஆரோன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, வெளியே நின்றார். உள்ளே எஸ்.ஐ. அம்மா, நடுத்தர வயது, களைத்த முகம். எதிரில் பெஞ்சில் ஒரு ஓரத்தில் சந்திரா. இன்னொரு ஓரத்தில் கொளஞ்சியப்பன், அவன் பக்கத்தில் ஒட்டினாற்போல ராமலிங்கம். மகள் பக்கத்தில் உட்கார இடம் இருந்தது. அவர் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கொளஞ்சியப்பன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். என் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். லேமினேட் செய்து வைத்திருந்தான்.

"மேடம், என் சம்சாரம் நல்லா நடிப்பாங்க. ஊரே சாட்சி. ஃபர்ஸ்ட் ப்ரைஸ் குடுத்திருக்காங்க" என்றான்.

"ஆமாங்க தாயி, சின்ன வயசுலேர்ந்தே இப்பிடித்தான். வழுக்கி வுழுந்தத இவரு அடிச்சாருன்னு சொல்லிகினு இருக்குது" என்றார் ராமலிங்கம்.

எஸ்.ஐ. அம்மா சான்றிதழை என் பக்கம் திருப்பினார். "கையெழுத்து உங்களுதுதானே? நீங்க பக்கத்து வீடு வேற. எனக்குச் சுத்தி வளைச்செல்லாம் வேணாம். அந்தப் பொண்ணு மேடையில சொன்னது நடிப்பா, நிஜமா? நீங்க நிஜம்னு சொன்னா நான் இப்பவே எஃப்.ஐ.ஆர். போடறேன்."

அவர் கேட்டதை விடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. சந்திரா நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போட்டிக்கு நடிச்சதுதாங்க" என்றேன்.

"வீட்டுல சத்தம் எதுவும் கேட்டதில்லையா?"

"புருஷன் பொண்டாட்டின்னா சாதாரணமா இருக்கறதுதாங்க."

சந்திரா எழுந்தாள். "எங்க கையெழுத்து போடணும் மேடம்?" என்றாள். ஒடியாத கையால் சமாதானத்துக்கு எழுதிக் கொடுத்தாள். வெளியே ராமலிங்கம் ஓடிவந்து என் முன்னால் கைகூப்பினார். "நல்லா இருப்பீங்கம்மா. உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்" என்றார். நானும் கைகூப்பினேன். அந்த நேரத்தில் எனக்கு உண்டானது நிம்மதி. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

சமாதானம் எழுதிக் கொடுத்த பதினோராவது நாள், பகல் மூன்று மணி. நான் குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. அப்புறம் "அக்கா" என்று சத்தம் வந்தது. ஒரே ஒரு தடவை. நான் மிக்ஸியை நிறுத்தவில்லை.

கால்மணி கழித்து அவன் வந்து கதவைத் தட்டினான். "அக்கா, கொஞ்சம் வாங்க. சந்திரா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா." போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. நான்தான் மூடினேன்.

ராமலிங்கம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று பார்வதி சொன்னாள். "உசுருதான் போயிடுச்சே. அங்க போனா அறுப்பாங்க, அறுத்தா கேள்வி வரும்" என்றார். சொல்லிவிட்டு மருமகனைத் தேடித் தோளில் கைவைத்தார். பொழுது சாய்வதற்குள் ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். மாணிக்கம்மாள் வெந்த விரல்களால் மண்ணைப் பறித்துக்கொண்டு புரண்டாள். ராமலிங்கம் எல்லோரிடமும் விதி என்று சொல்லிக்கொண்டு, வந்தவர்களுக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

கருமாதிக்கு நானும் போனேன். போகாவிட்டால் ஊர் பேசும். பந்தி முடிந்ததும் ராமலிங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யம்மா, சின்னவள மாப்பிள்ளைக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். அவரு வேற எடத்துல கட்டிகினா வேல அந்த வூட்டுக்குப் போயிடும். இது மாட்டேன்னு அழுவுது. நீங்க படிச்சவங்க, மன்றத்துல இருக்கவங்க. நீங்க சொன்னா கேக்கும்."

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து என்பார்களே, அது என் கண்முன்னால் நடந்தது. ஆனாலும் உள்ளே போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தமிழ்நிலா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது, நர்சிங் இரண்டாம் வருஷம். அழுகிற பெண் என்று அவர் சொன்னாரே, கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அக்காவ குளிப்பாட்டினது நான்தான்" என்றாள் எடுத்த எடுப்பில். "தலையில நாலு எடத்துல அடி. வழுக்கி வுழுந்தா ஒரு எடத்துல படும். காதுக்குப் பின்னால கைவச்சி பாத்தேன், எலும்பு உள்ள போயிருக்கு. எங்கப்பாகிட்ட சொன்னேன். வாய மூடுன்னு சொன்னாரு."

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"மைக்ல எங்கக்கா உங்கள கூப்பிட்டாளாமே. அன்னிக்கு அவ சொன்னது நெசமா, நடிப்பா?"

"நிஜம்" என்றேன்.

"இந்த ஒரு வார்த்த உங்க வாயிலேர்ந்து வர எங்கக்கா சாவணுமா?" என்று கேட்டாள்.

எழுந்து செருப்பைப் போட்டாள். நானும் பின்னாலேயே போனேன். பஸ் ஏறி அதே ஸ்டேஷனுக்குப் போய், அதே எஸ்.ஐ. அம்மா முன்னால் உட்கார்ந்து, ஒன்பது வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். முன்பு சொன்னது பொய் என்றும் எழுதினேன். அவர் படித்துவிட்டு என்னைத் திட்டவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கீழ தேதி போடுங்க" என்றார்.

தாசில்தார் முன்னிலையில் உடலைத் தோண்டி எடுத்தார்கள். தமிழ்நிலா சொன்ன நாலு இடமும் இருந்தது. கொளஞ்சியப்பனை ரிமாண்ட் செய்தார்கள். மூன்றாம் நாள் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. தமிழ்நிலா வீட்டைவிட்டு வந்துவிட்டாள். கடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. கோர்ட்டு தேதி மட்டும் மெசேஜ் அனுப்புவாள். எங்கள் பிளாக்கில் ஆரோனுக்கு யாரும் வணக்கம் வைப்பதில்லை. மன்றத்தில் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்காக அழுவேன் என்று நினைக்காதீர்கள்.

சஸ்பென்ஷன் ஆர்டர் வந்த மறுநாள் காலையில் ராமலிங்கம் மொபெட்டில் வந்தார். கூப்பிடவில்லை, உள்ளே வரவும் இல்லை. என் வாசலில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி என் கதவில் தூற்றினார்.

"எங்க வயித்துல மண்ண வாரி போட்டியேடி பாவி! பதினெட்டு வருசம் கரும்பு வெட்டி வாங்கினது! என் நெலம் போச்சே, என் வேல போச்சே!" என்று கத்தினார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆரோன் கதவைச் சாத்தச் சொன்னார். நான் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.

மகளைக் குழியில் இறக்கி மண் தள்ளியபோது அந்த மனுஷன் அழவில்லை. என் வாசலில் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதார்.